பவர் இல்லை என்று நிரூபிக்கச் சொன்னவர்

பெங்களூரில் எங்கே கரண்ட் போனாலும் அதற்காக மன்னிப்புக் கேட்ட ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, ஃப்யூஸ் அண்ணன்தான். மின்சார ஆபீஸ்காரர்கள்கூட கேட்டதில்லை. எங்கள் ஃபேக்டரியில் விளக்கு அணைந்து, ஜெனரேட்டர் உறுமி எழுவதற்குள் ஒரு சின்ன இருட்டு இருக்கும். அந்த இருட்டில் பேக்கிங் பக்கமிருந்து தழைந்த குரலில், “சாரி, சாரி, நம்மளால தான்” என்று கேட்கும். வெளிச்சம் வந்த பிறகு பார்த்தால், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே கைகூப்பி நின்றுகொண்டிருப்பார்.

பெங்களூரின் தெற்கோரம் பொம்மசந்திராவில், காய்கறிக் கடைகளில் வைக்கிற எலக்ட்ரானிக் தராசு செய்கிற கம்பெனி எங்களுடையது. நான் அங்கே டெஸ்டிங் லேபுக்கு இன்சார்ஜ். ஆரணியிலிருந்து வேலைக்கென்று வந்தவள். ஃப்யூஸ் அண்ணன் பேக்கிங்கில் இருந்தார். ஜோகுபாளையத்தில் பிறந்து வளர்ந்தவர். ஐம்பது தாண்டிய ஒல்லியான உருவம், எந்நேரமும் யாரோ திட்டப் போகிறார்கள் என்று காத்திருக்கிற முகம். அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டையில் அச்சாகியும் இருந்தது. ஆனால் அந்த அட்டை எப்போதும் திரும்பியபடியே தொங்கும். மானேஜர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் ஃப்யூஸ்தான். வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு ஓர் அண்ணன் சேர்த்துக்கொண்டோம்.

விஷயம் இதுதான். தான் மனதில் பயந்தால் பக்கத்தில் இருக்கிற மிஷின் கெட்டுப்போகும் என்று அவர் நம்பினார். விளையாட்டுக்கு அல்ல, முழு மனதோடு நம்பினார். மனோசக்தியால் கரண்டியை வளைக்கிறேன், கடிகாரத்தை நிறுத்துகிறேன் என்று சொல்கிறவர்களுக்கு அது ஒரு பெருமை. இவருக்கு அது சர்க்கரை வியாதி மாதிரி. ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்வார்.

“மத்தவங்களுக்கு பயம் வந்தா வயித்த கலக்கும் மேடம். எனக்கு வந்தா மிஷினு படுத்துக்கும். இன்னா பண்றது, ஒடம்பு அப்பிடி கீது.”

பேக்கிங்கில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டதும் அதற்காகத்தான். பெட்டிக்குள் போகிற தராசில் பேட்டரி இருக்காது. பேட்டரி இல்லாத மிஷினில் அவருடைய பவர் ஏறாதாம். செல்போனைச் சாப்பாட்டுப் பைக்குள் சுற்றி வைத்து, பையைச் சுவரோரம் மாட்டி, மணி அடித்தால் மட்டும் ஓடிப்போய், கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு பேசுவார். எதிர்முனையில் இருப்பவருக்கு அவர் பக்கத்து வீட்டிலிருந்து கத்துகிற மாதிரி இருக்கும்.

பஸ்ஸில் என்றைக்கும் கடைசி சீட். இன்ஜினுக்கு அதுதான் தூரம். அப்படி எத்தனையோ வருஷம் நிம்மதியாக வந்து போய்க்கொண்டிருந்த மனுஷனிடம், யாரோ ஒரு புண்ணியவான், புதுசாக விட்டிருக்கிற பஸ்களில் இன்ஜின் பின்னால்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டான். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை நாள் இன்ஜின் தலைமேலேயே உட்கார்ந்து வந்திருக்கிறேனே என்று நடுங்கினார். மறுநாள் முன்னால் பெண்கள் சீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். கண்டக்டர் கன்னடத்தில், “ஹிந்தே ஹோக்ரி” என்று பின்னால் போகச் சொல்ல, இவர் அதே கன்னடத்தில், “ஹிந்தே இன்ஜின் இதே சார்” என்று, பின்னால் இன்ஜின் இருப்பதைச் சொல்லிக் கெஞ்ச, பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்க, சில்க் போர்டு ஜங்ஷன் வருவதற்குள் இறக்கிவிட்டுவிட்டார்கள். மிச்ச தூரத்துக்கு வேறு பஸ்ஸும் ஏறாமல், வெயிலில் நடந்தே வந்து சேர்ந்தார்.

ஜோகுபாளையத்தில் அவர் தெருவிலும் இதே கதைதான். கிரிக்கெட் மேட்ச் நடக்கிற நாளில் டீக்கடை டிவி பக்கம் அவர் வரக்கூடாது. யாரும் சண்டை போட்டுத் தடுத்ததில்லை. “அண்ணே, உங்களுக்கு டீ அங்கயே வருது, அந்த முனையில உக்காருங்க” என்று அன்பாகச் சொல்லிவிடுவார்கள். இவரும் தெருமுனையில் மூடிக் கிடக்கிற கடைப் படியில் உட்கார்ந்து, டீயை ஆற்றிக் குடித்தபடி, கூச்சலை வைத்து ஸ்கோரை ஊகித்துக்கொள்வார். ஒருதரம் ஒரு பையன் யோசனை சொன்னானாம், எதிர் டீம் பேட்டிங் வரும்போது அவரை உள்ளே உட்கார வைக்கலாமே என்று. அண்ணன் பொறுமையாக விளக்கினாராம்: “அது ஆவாதுப்பா. நம்ம பவரு மிஷினோட சரி. மனுஷங்க மேல வேல செய்யாது. டிவி தான் போவும், அவன் அடிச்சிகினே இருப்பான்.”

கம்பெனியில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சிரித்துக்கொண்டே நம்பினார்கள், அதுதான் ஆபத்து. வெளியூரிலிருந்து தணிக்கைக்கு வந்த ஒருவர் எங்கள் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். லிஃப்ட் ஒரு மாதமாக முனகிக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மானேஜர் கேட்ட முதல் கேள்வி, “ஃப்யூஸ் எங்க?” என்பதுதான். அண்ணன் அந்த நேரத்தில் படியேறி வந்துகொண்டிருந்தார். அவர் லிஃப்டில் ஏறுவதே இல்லை. “படியில வரும்போது இந்த லிஃப்டு நின்னா இன்னா ஆவும்னு ஒரு நிமிசம் நெனச்சிட்டேன் மேடம்” என்று என்னிடம் வந்து அழாத குறையாகச் சொன்னார். உள்ளே மாட்டிக்கொண்ட மனிதர் வெளியே வரும்வரை கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். உள்ளே இருந்தவர், சீக்கிரம் ஆளைக் கூப்பிடுங்கள் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

என்னிடம் அவர் அதிகம் பேசியதற்குக் காரணம், நானும் பயந்த சுபாவம் என்பதுதான். வீட்டைப் பூட்டிவிட்டு, திரும்பப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிறவள் நான். கேஸை அணைத்தோமா என்று கம்பெனி பஸ்ஸிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் செய்கிறவள். ஒரு பயந்தாங்கொள்ளியை இன்னொருவர் கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகாது.

ஒரு சமயம், தன்னிடமிருக்கிற பவரை யாராவது எடுத்துவிட மாட்டார்களா என்று அவர் இந்திராநகரில் ஒரு மனோசக்தி வகுப்புக்குப் போனார். சாமி சிலையைப் பார்க்கிற மாதிரி எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, வெள்ளை ஜிப்பா போட்ட ஒருவர் கரண்டியைத் தடவித் தடவி வளைத்துக் காட்டினாராம். நடுவில் மைக் கீச்சென்று கத்தி நின்றுவிட்டது. அண்ணன் எழுந்து கைகூப்பி விஷயத்தைச் சொன்னார். ஜிப்பாக்காரர் முதலில் முறைத்தார், அப்புறம் யோசித்தார், அப்புறம் தனியே அழைத்துப்போய், அடுத்த வகுப்பிலிருந்து தன்னோடு மேடையில் உட்காரச் சொன்னார்.

“நீங்க என்ன சொன்னீங்க?” என்றேன்.

“சார், எனக்கு ஒரே ஒரு டவுட்டு, நம்ம டிபன் பாக்ஸ்ல ஒரு கரண்டி கீது, இத்த வளைச்சு காட்டுங்கனு குடுத்தேன் மேடம். நல்லா திருப்பித் திருப்பிப் பாத்தாரு. சந்தேகப்பட்டுகினே குடுத்தா பவரு வேல செய்யாதுன்னுட்டாரு.” அண்ணன் குரல் உடைந்துபோயிருந்தது. “அவருக்கு சந்தேகம் வந்தா பவரு நின்னுடுது. எனக்கு சந்தேகம் வந்தா தான் வேலயே செய்யுது. அவருது வேற ஜாதி பவரு. நமக்கு அவரால உபயோகம் இல்ல.”

வீட்டிலிருந்து எடுத்துப்போன கரண்டியை நீட்டிய அந்த நிமிஷத்தில், எவ்வளவு சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை. சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

அப்புறம்தான் குழந்தை பிறந்தது.

அண்ணனுக்கு ஒரே மகள், கவிதா. தலைப்பிரசவம். ஏழு மாதத்திலேயே வலி வந்து, பிரேசர் டவுன் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்ததாம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூச்சுக்கு ஒரு மிஷின், சூட்டுக்கு ஒரு மிஷின், இதயத் துடிப்பைக் காட்ட ஒரு மிஷின். சுற்றிலும் மிஷின். அண்ணன் ஆஸ்பத்திரி வாசல்வரை போனார். அங்கேயே நின்று, மேலே ஜன்னலைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்துவிட்டார். மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும்.

அவர் மனைவி பத்மா அக்கா ஃபேக்டரிக்கே வந்துவிட்டார். கேட் பக்கத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்களே சொல்லுங்க மேடம். பொண்ணு பெட்ல படுத்துகினு, அப்பா ஏன் வரலன்னு கேக்குது. நான் இன்னா சொல்றது? சம்பந்தியம்மா வெளிய ஒக்காந்துகினு, பொண்ணு பொறந்துச்சுன்னு தான் தாத்தா எட்டிப் பாக்கலன்னு நாலு பேரு காதுல விழற மாதிரி சொல்றாங்க. இவரு பயத்த சொன்னா சிரிப்பாங்க. சொல்லலைன்னா இப்பிடி பேசறாங்க. எனக்கு பேஜாரா கீது மேடம்.”

அன்று மத்தியானம் அண்ணன் லேப் கதவோரம் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. லேபில் துல்லியமான தராசுகள் இருப்பதால் அவர் அந்த வாசலைத் தாண்டியதே கிடையாது.

“மேடம், தராசு சரியா இல்லியானு டெஸ்ட் பண்ணி சீல் குத்தறீங்க இல்ல. அதே மாதிரி என்னயும் டெஸ்ட் பண்ணுங்க. பவரு இல்லன்னு ஆச்சுன்னா நான் போய் கொழந்தய பாப்பேன். கீதுன்னு ஆச்சுன்னா…” வாசலிலிருந்து ஓர் அடி பின்னால் போனார். “கீதுன்னு ஆச்சுன்னா, அது பெருசாகி வீட்டுக்கு வர வரைக்கும் நான் அந்தப் பக்கமே போவல. மேடம் டெஸ்ட் பண்ணிட்டாங்கன்னு பத்மாகிட்ட சொல்லிடுவேன்.”

நான் சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு அன்று வீட்டுக்குப் போய் நகம் கடித்தேன். ஒரு மனிதனுக்கு மனதால் மிஷினை நிறுத்த முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் டெஸ்டில் தற்செயலாக அவர் பக்கம் நாலு தப்பு கூடுதலாக விழுந்துவிட்டால்? பேரக் குழந்தையை அவரிடமிருந்து பிரித்தவள் நானாகிவிடுவேன். சரி, பவர் இல்லை என்றே வந்து, அவர் உள்ளே போன நாளில் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அதை நினைக்கவே முடியவில்லை. படித்த படிப்பு கைவசம் இருந்தது, தைரியம்தான் இல்லை.

லேபில் எனக்குக் கீழே வேலை பார்க்கிற மஞ்சுநாத்தைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன். மண்டியா பக்கத்துப் பையன். வேலையில் கெட்டி, வாய் மட்டும் ஓட்டை. ஞாயிற்றுக்கிழமை லேபைத் திறக்க மானேஜரிடம் அனுமதி வாங்கினோம். காரணத்தை முழுதாகச் சொல்லவில்லை. சில தராசுகளை மறுபடி பார்க்க வேண்டும் என்றேன். அதுவும் பொய் இல்லையே.

ஏற்பாடு இதுதான். ஒரு மேஜையில் தராசு, அதன் மேல் அசையாமல் ஓர் எடைக்கல். தராசுக்குப் பின்னால் ஒரு பிளைவுட் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் மஞ்சுநாத் உட்கார்ந்து எண்ணைப் பார்ப்பான். அந்தப் பக்கம், மேஜையை ஒட்டி ஒரு நாற்காலி. அதில் ஒரு சமயம் அண்ணன் உட்காருவார், இன்னொரு சமயம் நான். யார் என்பதை வராந்தாவில் காசு சுண்டிப் பார்த்து முடிவு செய்வோம். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி லேப் செருப்பு, பின்கதவு வழியாகப் போவோம், பேசக் கூடாது. உள்ளே இருப்பது யார் என்று மஞ்சுநாத்துக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் அவன் கண்ணுக்கு ஃப்யூஸ் அண்ணனிடம் மட்டும் தப்பு தெரியும், அது மனித சுபாவம். எண் இவ்வளவுக்கு மேல் ஆடினால்தான் கோளாறு என்பதையும் முன்கூட்டியே பேசி முடித்தோம். அப்புறம் யாரும் பேச்சை மாற்றக் கூடாது.

“அண்ணா, ஒண்ணு சொல்லிடுங்க. பயந்தா தானே பவர் வேலை செய்யும்? டெஸ்ட் அப்ப நீங்க பயப்படலைன்னா?”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “அந்தக் கவலை உங்களுக்கு வேணாம் மேடம்.”

ஞாயிற்றுக்கிழமை காலை. முதல் சுற்றே கெட்டுப்போனது. அதற்குக் காரணம் பவர் அல்ல. தராசில் எண் லேசாகக்கூட அசையவில்லை, ஆனால் தடுப்புக்குப் பின்னாலிருந்து, “சாரி” என்று கிசுகிசுப்பாக ஒரு குரல். மஞ்சுநாத் பேனாவை வைத்துவிட்டான். “மேடம், இவ்ரு யாருன்னு நனகே கொத்தாய்த்து” என்றான். யாரென்று தெரிந்துவிட்டபின் அந்தச் சுற்றை எப்படிக் கணக்கில் சேர்ப்பது? மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். அண்ணன் வாய்க்கு ஒரு புளிப்பு மிட்டாய் வாங்கிக் கொடுத்தோம். உள்ளே போகும்போதெல்லாம் மிட்டாயை அதக்கிக்கொண்டு, கண்ணை இறுக்க மூடி, முழங்கால் மேல் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருப்பார். பாஸ்போர்ட் போட்டோ எடுக்க உட்கார்ந்த மாதிரி. மூச்சு விடுகிறாரா என்று எனக்கே சந்தேகம் வரும். என் முறை வரும்போது அதே நாற்காலியில் நான் உட்காருவேன். கண்ணை மூட முடியாது எனக்கு. எண் ஆடுகிறதா என்று தெரியாமல், தடுப்பில் இருந்த ஒரு ஆணியையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

பாதி முடிந்து டீ குடிக்கப் போனோம். அண்ணன் கேன்டீனில் உட்கார்ந்திருந்தபோது சுவரில் மாட்டிய பைக்குள் போன் அடித்தது. பத்மா அக்கா. அண்ணன் கையை நீட்டிப் பிடித்திருந்ததால் அக்கா பேசியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. மூச்சு மிஷின் கத்தியதாம், நர்ஸுகள் ஓடினார்களாம், டாக்டர் வந்தாராம், இப்போது பரவாயில்லையாம், ஆனால் கவிதா அழுகையை நிறுத்தவில்லையாம்.

அண்ணன் போனை மேஜைமேல் வைத்தார்.

“பாத்தீங்களா மேடம். நான் இங்க பொம்மசந்திரால ஒக்காந்துகினு கீறேன். அது பிரேசர் டவுன்ல கீது. அவ்ளோ தூரம் போயிருக்குது. டெஸ்ட் வேணாம். நிறுத்துங்க.”

எனக்கும் பயம்தான். ஆனால் பயத்தில் சில சமயம் வாய் தானாகப் பேசிவிடும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

“அண்ணா, அந்த ஆஸ்பத்திரில அந்த மாடியில எத்தனை குழந்தை இருக்கு? எத்தனை அம்மா, எத்தனை அப்பா? எல்லாரும் சிரிச்சுக்கிட்டா இருக்காங்க? பயந்தா மிஷின் நிக்கும்னா, அந்த மாடியில ஒரு மிஷின்கூட ஓடக் கூடாதே.”

டீ ஆடை கட்டிவிட்டது. அப்புறம் அவர் எழுந்து வேட்டியை உதறுகிற மாதிரி பேண்ட்டைத் தட்டிக்கொண்டு, “மிட்டாயி தீந்துபோச்சு” என்றார். வாங்கிக் கொடுத்தோம். டெஸ்ட் தொடர்ந்தது.

மத்தியானம் எல்லாம் முடிந்து, மஞ்சுநாத் எழுதிய தாளையும் நான் காசு சுண்டி எழுதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அண்ணன் வாசலுக்கு வெளியே, முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். மஞ்சுநாத் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வந்தான். ஒருமுறை பார்த்தான். மறுபடி மேலிருந்து பார்த்தான். அப்புறம் நாற்காலியை என்னிடமிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

“என்னடா?”

“மேடம், அண்ணன் ஒளகே இருக்கறப்ப ஒண்ணோ ரெண்டோ தான் ஆடிருக்கு.” நாற்காலியை இன்னும் கொஞ்சம் தள்ளினான். “நீங்க இருக்கறப்ப தான் எல்லாம் ஆடிருக்கு.”

தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். உண்மைதான். தராசு அமைதியாக இருந்தது அவர் உட்கார்ந்தபோது. பேயாட்டம் போட்டது நான் உட்கார்ந்தபோது. ஒரு கணம், சத்தியமாக, எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஆரணியில் எங்கள் வீட்டு மிக்ஸி எத்தனை தரம் ரிப்பேர் ஆனது என்றெல்லாம் மனசு ஓடியது.

அப்புறம்தான் மஞ்சுநாத் மேஜைக்கடியில் பார்த்தான். நான் தராசு மேஜையை ஒட்டிய அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். என் வலது கால் தையல் மிஷின் மிதிக்கிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. முட்டி மேஜைக் காலில் பட்டுப் பட்டு மீண்டது. மேஜைமேல் இருந்த தராசின் எண் கூடவே ஆடியது. காலை நிறுத்தினேன், எண் நின்றது. ஆட்டினேன், ஆடியது. நான் பயந்தால் கால் ஆட்டுவேன் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. அண்ணனோ பயந்தால் கல்லாகிவிடுகிற ஆள். அவர் உட்கார்ந்த மேஜையைவிட அசையாத மேஜை கர்நாடகத்திலேயே இருந்திருக்காது.

அண்ணனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் காட்டினேன். தாளைக் காட்டினேன். காலை ஆட்டிக் காட்டினேன். “உங்ககிட்ட ஒரு பவரும் இல்லண்ணா. எங்கிட்டயும் இல்ல. இது வெறும் கால்.”

அவர் என் காலைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் யாரையும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. அவ்வளவு கனிவு, அவ்வளவு வருத்தம்.

“நானும் ஆரம்பத்துல இப்பிடி தான் எதுனா காரணம் சொல்லிகினு இருந்தேன் மேடம்” என்றார். “பயப்படாதீங்க. போவப் போவப் பழகிடும்.”

“அண்ணா, நான் சொல்றதக் கேளுங்க—”

“பேச்சு பேச்சு தான். எனக்கு இல்லன்னு டெஸ்டு சொல்லிடுச்சு. நான் போய் கொழந்தய பாக்கணும். நீங்களும் வாங்க. தனியா போவ கால் வரல.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். “ஆனா நீங்க உள்ள வராதீங்க. தப்பா நெனச்சிக்காதீங்க மேடம். பச்சக் கொழந்த.”

சண்டை போட அது நேரமில்லை. ஆட்டோ பிடித்தோம். ஹோசூர் ரோடு முழுக்க அவர் மிட்டாய் அதக்கியபடி, டிரைவருக்குப் பின்னால் தைரியமாக நேராக உட்கார்ந்து வந்தார். என்னை ஓரத்துக்குத் தள்ளி உட்காரச் சொன்னார்.

சாயங்காலம் பார்வை நேரத்தில், குழந்தையின் அம்மாவைத் தவிர இன்னும் ஒருவரை மட்டும் பச்சைக் கவுன் மாட்டி உள்ளே விடுவார்கள். மற்றவர்கள் வராந்தாவில் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். சம்பந்தியம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அண்ணனைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கவுனுக்குள் கை நுழைக்கத் தெரியாமல் அவர் விரல்கள் உதறுவதைப் பார்த்துவிட்டு, பேசாமல் எழுந்து வந்து, பின்னாலிருந்து நாடாவை முடிந்துவிட்டார்.

அண்ணன் உள்ளே போனார். கவிதா ஒரு சக்கர நாற்காலியில் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் மெல்ல மெல்ல, தரையில் முட்டை பரப்பி வைத்திருக்கிற மாதிரி நடந்து, பெட்டிக்கு அருகே போனார். குனிந்தார். வராந்தாவில் என் பக்கத்தில் நின்ற பத்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மிஷின் கத்தியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது. சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. பத்மா அக்காவின் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது. போச்சு என்று நினைத்தேன். இப்போது திரும்பி ஓடிவந்துவிடுவார், இனி ஜென்மத்துக்கும் இந்தப் பக்கம் வரமாட்டார் என்று நினைத்தேன்.

அண்ணன் ஓடவில்லை. நிமிர்ந்தார். கண்ணாடி வழியாக நேராக என்னைப் பார்த்தார். கோபமே இல்லை அந்த முகத்தில். கையை லேசாக உயர்த்தி, விரல்களால், கொஞ்சம் பின்னால் போங்க மேடம் என்று சைகை காட்டினார்.

நான் பின்னால் போனேன்.

அதற்குள் நர்ஸ் வந்து, சாவகாசமாகப் பெட்டிக்குள் கைவிட்டு, குழந்தையின் காலில் ஒட்டியிருந்த வயரைச் சரிசெய்தார். சத்தம் நின்றது. “சும்மா சும்மா ஒதைக்குது சார் இது, வயரு கழண்டுக்குது. நாள் பூரா இதே வேலை” என்று அவர் சொன்னதை அப்புறம் கவிதா சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்தச் சமயத்தில் எனக்குத் தெரிந்தது, அண்ணன் மறுபடி குனிந்தது மட்டும்தான். பெட்டியின் ஓரத்து வட்டத் துளை வழியாக ஒரு விரலை நீட்டினார். கவிதா அப்பாவின் கவுனைப் பிடித்துக்கொண்டாள். நான் எதற்கும் இருக்கட்டும் என்று, இன்னும் பத்தடி தள்ளி, படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

மறுநாளே மஞ்சுநாத்தின் ஓட்டை வாய் தன் கடமையைச் செய்துவிட்டது. அடுத்த தணிக்கையின்போது மானேஜர் என்னிடம் வந்து, ஹோசூரில் ஒரு சப்ளையரைப் பார்க்க வேண்டியிருக்கிறதே, அன்றைக்கே போய்வந்தால் நன்றாயிருக்குமே என்று நயமாகக் கேட்டார். போய் வந்தேன்.

குழந்தை தேறியது. எடை ஏறி, குரல் ஏறி, வீட்டுக்கு வந்து, ஜோகுபாளையம் தெருவில் ஷாமியானா போட்டுப் பெயர் வைத்தார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள். நான் போனபோது அண்ணன் ஸ்பீக்கர் பெட்டிக்குத் தன் கையாலேயே பிளக் சொருகிக்கொண்டிருந்தார். பாட்டு கணீரென்று வந்தது. தெருவே அவரைப் பார்த்துச் சிரித்தது, அவரும் சிரித்தார். அப்புறம் என்னைப் பார்த்துவிட்டார்.

வேகமாக வந்து, வாங்க மேடம் என்று கூட்டிக்கொண்டு போனார். ஸ்பீக்கரைத் தாண்டி, போட்டோக்காரரின் லைட்டைத் தாண்டி, கூட்டத்தையெல்லாம் தாண்டி, பந்தலின் கடைசியில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. அதில் உட்காரச் சொன்னார். பத்மா அக்கா ஓடி வந்து, “இன்னாங்க இது, மேடத்த போய் இங்க ஒக்கார வெச்சிகினு” என்று கடிந்துகொண்டார்.

“உனக்குத் தெரியாது பத்மா, நீ போய் பந்திய பாரு” என்று அவரை அனுப்பிவிட்டு, அண்ணன் போய் இரண்டு இலையில் சாப்பாடு போட்டுக் கொண்டுவந்தார். ஒன்றை என்னிடம் கொடுத்தார். இன்னொரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அவ்வளவு பேர் அவரைக் கூப்பிட்டார்கள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.